சிறுமலைக்குப் பின்னால் அமெரிக்கா

மதுரையில் ஏதாவது ஒரு மொட்டைமாடியில் ஏறி நின்றுகொண்டு, "அமெரிக்கா எந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்டால் எங்கே கை காட்டுவீர்கள்? முக்கால்வாசிப் பேர் மேற்கே காட்டுவார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் மேற்கே காட்டிவிட்டு, 'நியூயார்க் நம்மைவிட வடக்கே அல்லவா' என்று யோசித்து விரலைச் சற்று வலப்பக்கம் நகர்த்துவார்கள். அதாவது நாகமலைப் பக்கம். ஆறாம் வகுப்புச் சுவரில் தொங்கிய உலகப் படத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. ஆனாலும் அது எல்லார் தலைக்குள்ளும் ஆணி அடித்து மாட்டியபடி இருக்கிறது.

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில், தந்தி சார் வீட்டு மொட்டைமாடியில் இந்தக் கேள்விக்கான பதில் கைப்பிடிச் சுவரிலேயே சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்தது. நான்கு அம்புக்குறிகள். ஜப்பான், ஆஸ்திரேலியா, ஐரோப்பா, யு.எஸ். நான்காவது அம்பு நேராக நாகமலையைப் பார்த்தது. 2006-ல் எழுதியது. 2024 மே மாதம் வரை அந்த அம்பைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

தந்தி சார் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். மனிதர் தந்தி அலுவலகத்தில் மோர்ஸ் தட்டிக்கொண்டு வாழ்க்கையைத் தொடங்கி, துறை பி.எஸ்.என்.எல். ஆனபிறகு 2006-ல் ஓய்வு பெற்றவர். தந்திச் சேவையே 2013 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் மோர்ஸ் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடியும் மோர்ஸ் தட்டுவார் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு. அலுவலகத்தில் தட்டியது அடுத்தவர் சேதி. 'அப்பா காலமானார், உடனே வரவும்' வகை. வீட்டில் தட்டியது சொந்தச் சேதி. அமெச்சூர் ரேடியோ, செல்லமாக ஹாம் ரேடியோ. அரசாங்கத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, தனக்கென்று ஒரு கால்சைன் வைத்துக்கொண்டு, உலகத்தில் எங்கோ இருக்கும் இன்னொரு ஹாமைக் கூப்பிட்டு, "கேட்கிறதா? இங்கே மழை. அங்கே?" என்று விசாரிக்கிற பொழுதுபோக்கு. வாட்ஸ்அப் காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தந்தி சார் பதிலே சொல்வதில்லை. மீன் கடையில் கிடைக்கும்போது எதற்குத் தூண்டில் என்று கேட்பது மாதிரிதான் அது.

1989-ல் அவரிடம் யாகியெல்லாம் கிடையாது. மாடிக்குக் குறுக்கே கட்டிய ஒரு செப்புக் கம்பி, டைபோல், அவ்வளவுதான். அது பத்து மீட்டர் நீளம். பக்கத்து வீட்டு அம்மா அதில் துணி காயப்போட்டுவிட்டார் என்று ஒரு சண்டைகூட உண்டு. அந்த வருடம் சூரியன் உச்சத்தில் இருந்தது. சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய பதினோரு வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். கூடும்போது வானத்தின் அயனி மண்டலம் சிற்றலைகளை நன்றாகத் திருப்பி அனுப்பும். அப்படி ஒரு விடியற்காலையில் அந்தத் துணி காய்ந்த கம்பியில் நியூ ஜெர்சிக்காரர் ஒருவர் பதில் சொன்னார். இருபது நிமிடம் பேச்சு. சில மாதம் கழித்து, பேசியதற்குச் சாட்சியாக ஹாம்கள் அனுப்பிக்கொள்கிற க்யூ.எஸ்.எல். கார்டு வந்தது. அதன்பின் வருடா வருடம் கிறிஸ்துமஸ் வாழ்த்து. 2003-க்குப் பிறகு வாழ்த்து வரவில்லை.

2004 டிசம்பர் 26. சுனாமி. ஹாம்களின் நிகழ்ச்சி ஒன்றுக்காக அந்தமானுக்குப் போயிருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவும் போர்ட் பிளேரில் இருந்தார்கள் (2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்). தொலைபேசி படுத்துவிட்ட அந்த நாட்களில் அவர்களுடைய ரேடியோ வழியாகத்தான் பல குடும்பங்களுக்குச் சேதி போனது. அந்தக் குரலை மதுரையில் அதே கம்பியில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், ஓய்வூதியப் பணம் வந்ததும் முதல் காரியமாக ஒரு யாகி வாங்குவது என்று முடிவு செய்தார். வீட்டம்மா அப்போது உயிரோடு இருந்தார். "வாங்கிக்கங்க, ஆனா கொலுப்படிக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைங்க" என்றாராம்.

யாகி என்றதும் யாகம் செய்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஹிடெட்சுகு யாகி என்பவர் ஜப்பானியப் பேராசிரியர். அவரும் ஷின்டாரோ உடாவும் 1926-ல் உலகுக்குச் சொன்ன ஆன்டெனா அது. உழைப்பில் பெரும்பகுதி உடாவுடையது என்பார்கள்; பெயர் யாகியோடு நின்றுவிட்டது. பழைய தூர்தர்ஷன் நாட்களில் ஓட்டுமேல் மீன்முள் மாதிரி நின்றதே, அதேதான். தந்தி சார் வாங்கியது 14 மெகாஹெர்ட்ஸுக்கானது என்பதால் முள் ஒவ்வொன்றும் முப்பத்தைந்து அடி. மூன்று முள். சந்து வீட்டில் அதை ஏற்றியபோது அதன் ஒரு முனை எதிர்வீட்டு வான்வெளிக்குள் போய்விட்டது. காக்கைகளுக்குக் கொண்டாட்டம்.

கம்பி நாலா பக்கமும் பார்க்கும். யாகி ஒரே பக்கம் பார்க்கும். டார்ச் லைட் மாதிரி. பார்க்கிற பக்கம் பலம் அதிகம், பக்கவாட்டில் ஏறக்குறைய செவிடு. ஆகவே அதைத் திருப்ப வேண்டும். மோட்டார் வைத்துத் திருப்புவதற்குப் பணம் போதவில்லை. குழாயின் அடியில் ஒரு பேரிங், குறுக்கே ஒரு இரும்புக் கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு செக்கு மாடு மாதிரி சுற்றிவந்தால் மேலே யாகியும் சுற்றும். எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதற்குத்தான் சுவரில் அந்த நான்கு அம்புகள்.

ஜப்பான் கேட்டது. ஆஸ்திரேலியா கேட்டது. ஐரோப்பா அள்ளிக்கொண்டு கேட்டது. அமெரிக்கா மட்டும் கேட்கவே இல்லை. கேட்டாலும் பக்கத்து வீட்டில் ரகசியம் பேசுகிற மாதிரி மங்கலாக. 2008-ல் சூரியன் மந்தம் என்றார். அது உண்மையும்கூட. 2014-ல் சூரியன் உச்சத்துக்கு வந்தது, அப்போதும் இல்லை. ஊரில் எல்.இ.டி. பல்பும் மலிவு சார்ஜரும் பெருகி ரேடியோவில் இரைச்சல் கூடிவிட்டது என்றார். அதுவும் உண்மைதான். காரணம் எல்லாமே சரியாக இருந்ததுதான் கஷ்டம். ஒரு காரணமாவது தப்பாக இருந்திருந்தால் அம்பின் மேல் சந்தேகம் வந்திருக்கும்.

வீட்டை விற்பது என்று முடிவானது 2024 ஏப்ரலில். சென்னையிலிருக்கும் மகன் நல்லவர்தான். எழுபத்தெட்டு வயதில் அப்பா மாடிப்படி ஏறி இரும்புக் குழாயைச் சுற்றிக்கொண்டிருப்பதை எந்த மகன் பொறுப்பார்? மே 16, வியாழக்கிழமை யாகியைக் கழற்ற ஆட்கள் வருவதாக ஏற்பாடு.

மாடிப் போர்ஷனில் குடியிருந்த பையன் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். ஹாம் பற்றி ஒன்றும் தெரியாது. சர்வேயிங் தெரியும், அதாவது, தேர்வுக்குப் படித்திருந்தான். பெரியவர் கேட்டது சின்ன உதவி. சுவரிலிருந்த அம்புகளின் கோணத்தைக் குறித்துக் கொடுத்தால் சென்னையில் மகன் வீட்டு மாடியிலும் அதேபோல எழுதிவிடலாம்.

பையன் மொபைலில் காம்பஸைத் திறந்தான். மாடியின் தெற்கு மூலையில் ஒரு வடக்கு, தண்ணீர்த் தொட்டியடியில் இன்னொரு வடக்கு, யாகிக் குழாய் பக்கத்தில் மூன்றாவது வடக்கு. மொட்டைமாடி முழுக்க இரும்புக் கம்பி; காம்பஸ் பாவம் என்ன செய்யும்! சர்வேயிங் பாடத்தில் இதற்கு லோக்கல் அட்ராக்‌ஷன் என்று பெயர். இத்தனைக்கும் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிற அதிர்ஷ்டசாலி ஊர் மதுரை. வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள்தான். அமெரிக்காவில் சியாட்டில் மாதிரி ஊர்களில் பதினைந்து டிகிரி வரை போகும்.

காம்பஸை மூடிவிட்டு லேப்டாப்பில் கூகிள் எர்த்தைத் திறந்தான். 2005-லிருந்து இருக்கிற சமாச்சாரம். எல்லாரும் முதலில் தன் வீட்டைத் தேடிப்பார்த்துவிட்டு, அப்புறம் தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதில் ஸ்கேல் மாதிரி ஒரு கருவி உண்டு. ஒரு புள்ளியில் க்ளிக், இன்னொரு புள்ளியில் க்ளிக். நடுவே கோடு போட்டு, தூரம் எவ்வளவு, வடக்கிலிருந்து எத்தனை டிகிரி என்று சொல்லிவிடும். கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை அடையாளம் வைத்துத் தங்கள் மாடியைக் கண்டுபிடித்து ஒரு க்ளிக். டோக்கியோவில் ஒரு க்ளிக். 55 டிகிரி. சுவரில் 65-க்குப் பக்கம். பரவாயில்லை. சிட்னி 127. சுவரில் 122. லண்டன் 321. சுவரில் 303. கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. நியூயார்க்கில் க்ளிக் செய்தான்.

335.

தப்பாக க்ளிக் செய்துவிட்டோம் என்று மறுபடி செய்தான். 335. சுவரில் இருந்தது 283. ஐம்பத்திரண்டு டிகிரி வித்தியாசம். கோடு மேற்கே போகவே இல்லை. மதுரையிலிருந்து கிளம்பி வடக்கு வடமேற்காக குஜராத், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான் என்று ஏறி, ரஷ்யாவுக்குள் புகுந்து, பின்லாந்து வளைகுடாவைத் தொட்டு, ஐஸ்லாந்தின் நடுவே போய், கிரீன்லாந்தின் தென்முனையை உரசிக்கொண்டு கனடா வழியாக நியூயார்க்கில் இறங்கியது. ஏறத்தாழ 13,700 கிலோமீட்டர். நாகமலைப் பக்கம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

காரணம் கேட்டால் ரொம்பப் பழைய சமாச்சாரம். பூமி உருண்டை, காகிதம் தட்டை. ஆரஞ்சுத் தோலை உரித்து மேஜைமேல் கிழியாமல் பரப்ப முடியாது. 1569-ல் மெர்கேட்டர் என்பவர் மாலுமிகளுக்காக ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தப் படத்தில் நேர்க்கோடு போட்டால், காம்பஸ் முள்ளை ஒரே டிகிரியில் வைத்துக்கொண்டு கப்பல் ஓட்டிப் போய்ச் சேரலாம். போய்ச் சேரலாம் என்பது நிஜம்; குறுக்கு வழியில் போகலாம் என்று மெர்கேட்டர் சொல்லவே இல்லை. ரேடியோ அலைக்கு மாலுமி கிடையாது. அது உருண்டையின் மேல் குறுக்கு வழியாகத்தான் போகும், உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் விழுமே அந்த வழி. கூகிள் மேப்ஸும் பல வருடம் இந்தத் தட்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகத்தான் இருந்தது; கம்ப்யூட்டரில் பெரிதாக விலக்கிப் பார்த்தால் உருண்டையாகத் தெரிய ஆரம்பித்தது 2018-ல்.

விமானக்காரர்களுக்கு இது அன்றாட விஷயம். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாகப் பறந்துவந்தது பேப்பரில் வந்தது. பள்ளிவாசல் கட்டுபவர்களுக்கும் தெரியும்: நியூயார்க்கில் தொழுகையில் பார்க்கிற திசை வடகிழக்கு, தட்டைப் படத்தைப் பார்த்தால் தென்கிழக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

சரி, அப்படியானால் ஐரோப்பாவும் ஜப்பானும் எப்படிக் கேட்டன? இதுதான் இந்தக் கதையிலேயே வில்லங்கமான இடம். மூன்று முள் யாகியின் பார்வை சுமார் 60 டிகிரி அகலம். நடுக்கோட்டிலிருந்து இந்தப் பக்கம் 30, அந்தப் பக்கம் 30. ஆஸ்திரேலியாவில் பிழை 5 டிகிரி, ஜப்பானில் 11, லண்டனில் 18. எல்லாம் பார்வைக்குள் அடங்கிவிட்டன. மூன்று அம்புகள் வேலை செய்ததால் நான்காவதும் சரி என்று ஆகிவிட்டது. தூரம் கூடக்கூட, வடக்கே போகப்போக, தட்டைப் படத்தின் பொய் வளரும். அமெரிக்காவில்தான் அது பார்வையைத் தாண்டியது.

பையனுக்கு அன்று மதியம் தூக்கம் இல்லை. மதுரையை நடுவில் வைத்துக் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தான். இந்த விளையாட்டை நீங்களும் உங்கள் ஊருக்குச் செய்து பார்க்கலாம், நேரம் போவதே தெரியாது. சிங்கப்பூர் சிவகங்கைப் பக்கம். ஆஸ்திரேலியா மானாமதுரைக்கு நேர். ஜோகன்னஸ்பர்க் அச்சு அசலாகத் திருமங்கலம். துபாய் ஏறக்குறைய சோழவந்தான். லண்டனுக்கு வாடிப்பட்டியைத் தாண்டிப் போக வேண்டும். யானைமலைக்குப் பின்னால் ஜப்பான் படுத்திருக்கிறது. கலிபோர்னியா? அதுதான் இன்னும் விசேஷம். 21 டிகிரி, வடக்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே, அழகர்மலைப் பக்கம். நியூயார்க் 335, சிறுமலைப் பக்கம். அமெரிக்கா முழுதும் இரண்டு மலைக்கும் நடுவே வடக்கில் விரிந்து கிடக்கிறது. மேற்கே பார்க்கிற நாகமலைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. (நம் ஊரை நடுவில் வைத்து உலகத்தையே வட்டமாக வரைந்து தரும் இணையதளங்கள் இருக்கின்றன. அந்தப் படத்தில் ஆஸ்திரேலியா சப்பாத்தி மாதிரியும் தென் அமெரிக்கா ஓரத்தில் இழுத்துவிட்ட ரப்பர் மாதிரியும் தெரியும். அழகுக்காக அல்ல, திசைக்காக.)

கண்டுபிடித்தது சுலபம். சொல்வதுதான் கஷ்டம். பதினெட்டு வருடமாக ஒரு மனிதர் செக்கு மாடு மாதிரி சுற்றி, தப்பான மலையைப் பார்த்து நின்றிருக்கிறார். இன்னும் ஆறு நாளில் குழாயைக் கழற்றப் போகிறார்கள். இப்போது போய்ச் சொல்வதா? சொல்லாமலே கோணத்தைத் திருத்திக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடலாமா? பையன் கீழே இறங்கி, மறுபடி மேலே போய், மறுபடி இறங்கினான்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம், மே 10. லேப்டாப்பைக் கொண்டுபோய் முன்னால் வைத்தான்.

"சார், யு.எஸ். அம்பு கொஞ்சம் தள்ளி இருக்கு போல."

"எவ்வளவு?"

"அம்பத்திரண்டு டிகிரி."

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். மஞ்சள் கோடு ஐஸ்லாந்தில் வளைந்து நின்றது. கம்ப்யூட்டர் எதையாவது சொல்லும் என்றார். பிறகு எழுந்துபோய்ப் பரணிலிருந்து மகன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய குளோபை எடுத்துவந்தார். ஆப்பிரிக்காவில் ஒரு ஒடுக்கு. பூக்கட்டுகிற நூலில் ஒரு முழம் அறுத்து, ஒரு முனையை மதுரையில் கட்டைவிரலால் அழுத்தி, மறு முனையை நியூயார்க்கில் வைத்து இழுத்தார். நூல் தானாகவே வழுக்கி மேலே ஏறியது. அரபிக்கடலில் பிடித்து வைத்துப் பார்த்தார். விட்டதும் ரஷ்யாவுக்கு ஓடியது. மூன்று முறை செய்தார்.

"கிரேட் சர்க்கிள்" என்றார். "டிரெயினிங்லயே சொல்லிக் குடுத்தாங்க தம்பி. பரீட்சையில எழுதியிருக்கேன். மாடிக்குப் போறப்ப கேலண்டருக்குப் பின்னாடி இருந்த மேப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பையன் பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. பெரியவர் சிரித்தாரா என்றால் அதுவும் இல்லை. நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வெளிச்சம் இருக்கறப்பவே திருப்பிருவோம்" என்று மாடிப்படி ஏறினார்.

காம்பஸ் உதவாது என்று ஆகிவிட்டதால் பையன் ஒரு வழி வைத்திருந்தான். செயற்கைக்கோள் படத்தில் யாகிக் குழாய் நிற்கிற இடத்திலிருந்து 335 டிகிரிக்கு ஒரு கோடு இழுத்து, கோட்டின் மேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி என்ன இருக்கிறது என்று தேடினான். நானூறு மீட்டர் தள்ளி ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. அதைப் பார்த்துக் குழாயைத் திருப்பினால் தீர்ந்தது. குறி வைப்பதில் ஐந்து மீட்டர் பிசகினாலும் கோணத்தில் ஒரு டிகிரிகூட வராது. ஒரே ஒரு எச்சரிக்கை: இந்தப் படங்களில் உயரமான கட்டிடங்கள் சாய்ந்த மாதிரி விழுந்திருக்கும். தொட்டியின் தலையைக் குறி வைக்கக் கூடாது. தரையில் தூண் நிற்கிற இடத்தைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை தலையை வைத்துவிட்டு அப்புறம் திருத்தினான்.

இருவரும் இரும்புக் கம்பியைப் பிடித்துத் தள்ளினார்கள். துரு பிடித்த பேரிங் கத்தியது. யாகி மெதுவாக நாகமலையை விட்டு நகர்ந்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலாக, தூரத்தில் புகைபோல் தெரிந்த சிறுமலையைப் பார்த்து நின்றது. விடியற்காலை ஐந்தரைக்கு வரச்சொன்னார். மதுரையில் விடிகிற நேரம் நியூயார்க்கில் பொழுது சாய்கிற நேரம். இரண்டு பக்கமும் அந்தியாக இருக்கும்போதுதான் வழி நன்றாகத் திறக்கும்.

சனிக்கிழமை விடிந்தது. ரேடியோவில் ஒன்றுமே இல்லை. அமெரிக்கா மட்டுமல்ல, தினமும் கேட்கிற ஐரோப்பாகூட இல்லை. வெறும் 'உஸ்ஸ்'. ஒயர் கழன்றுவிட்டதோ என்று பையன் மாடிக்கும் கீழுக்கும் ஓடினான்.

ஒயர் கழலவில்லை. கழன்றது சூரியன். 3664 என்று எண் போட்டிருந்த ஒரு பெரிய சூரியப்புள்ளிக் கூட்டம் அந்த வாரம் முழுக்க வெடித்துக்கொண்டிருந்தது. அது வீசியதெல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தே கால் வாக்கில் நம் ஊர் நேரப்படி பூமிக்கு வந்து சேர்ந்தது. 2003-க்குப் பிறகு வந்த மிகப்பெரிய காந்தப் புயல். துருவத்தைச் சுற்றியிருக்கும் ஒளி வளையத்தில் மின்துகள்கள் கொட்டும்போது, அங்கே கீழடுக்குக் காற்று ரேடியோ அலையை அப்படியே விழுங்கிவிடும். மதுரை–நியூயார்க் வழி ஐஸ்லாந்து, கிரீன்லாந்து என்று நேராக அந்த வளையத்துக்குள்தான் புகுந்து போகிறது. பதினெட்டு வருடம் கழித்துச் சரியான கதவைக் கண்டுபிடித்தால், அன்றைக்குப் பார்த்துக் கதவைப் பூட்டிவிட்டார்கள்.

லடாக்கில் ஹான்லே வானம் சிவந்த படங்கள் அன்று காலை எல்லார் மொபைலிலும் வந்தன. பையன் காட்டினான். பெரியவர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இதுதான் நம்ம வழியை மறிச்சிருக்கு."

ஞாயிறு இல்லை. திங்கள் ஐரோப்பா திரும்பி வந்தது. செவ்வாய் கனடா மாதிரி ஏதோ ஒன்று இருமிவிட்டுப் போனது. இடையில் பையன், சும்மா இருக்க முடியாமல், சுவரில் மாட்டியிருந்த 1989 க்யூ.எஸ்.எல். கார்டைப் பார்த்து, அந்தக் கால்சைன் இப்போது யாரிடம் இருக்கிறது என்று நெட்டில் பார்த்துவிடலாமே என்றான். அரை நிமிட வேலை. அமெரிக்கக் கால்சைன்களின் பட்டியல் பொதுவில் கிடக்கிறது.

"வேணாம் தம்பி. காத்துல வந்தா வரட்டும்."

கார்டு எழுதியபோதே அந்த மனிதருக்கு அறுபதுக்கு மேல் வயது. கணக்குப் போட இருவருக்கும் தெரியும். ஹாம்கள் இறந்தவரைச் சைலன்ட் கீ என்பார்கள், ஓய்ந்த மோர்ஸ் சாவி. பெரியவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை; பையனுக்கு அந்த வார்த்தை அப்போது தெரியவும் தெரியாது.

புதன்கிழமை, மே 15. மறுநாள் ஆட்கள் வருகிறார்கள். ஐந்தே முக்காலுக்கு ரேடியோவில் இரைச்சல் லேசாக மாறியது. தெருக்குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் காற்று வருமே, அந்த மாதிரி. பெரியவர் மோர்ஸ் சாவியில் பொதுவான அழைப்பைத் தட்டினார். யாராவது இருக்கிறீர்களா, வட அமெரிக்கா மட்டும். நிறுத்திக் கேட்டார். மறுபடி தட்டினார். ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவருடைய கால்சைன் திரும்பி வந்தது, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல ஏறி இறங்கி. பென்சில்வேனியா. கேட்கிற தரம் 559 என்று மார்க் போட்டார் அந்த மனிதர். தெளிவில் முழு மதிப்பெண், பலத்தில் பாதி. இவரும் அதையே திருப்பிப் போட்டார். பெயர், ஊர், அங்கே மழை, இங்கே வெயில். மூன்று நிமிடம் இருக்கும். அப்புறம் குரல் அமுங்கிப் போய்விட்டது. முடிந்தது.

பையனுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. புள்ளியும் கோடும் அவனுக்குத் தவளைச் சத்தம். பெரியவரின் வலது கை சாவியின்மேல் இருந்தது; இடது கை லாக் புக்கில் எழுதிக்கொண்டே போனது. தேதி, நேரம், அலைவரிசை, கால்சைன், மார்க். கடைசிக் கட்டம் ஆன்டெனா திசை. அதில் இத்தனை வருடமும் 'யு.எஸ்.' என்றோ 'ஜப்பான்' என்றோ எழுதுவது வழக்கம். அன்றைக்கு 'சிறுமலை' என்று எழுதினார்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். யாகியை இறக்க இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. குளோபும் லாக் புக்கும் சென்னைக்குப் போயின. முப்பத்தைந்து அடிக் குழாய்களை ரயிலில் எப்படிக் கொண்டுபோவது என்று மகன் கேட்டதற்குப் பெரியவர், அது வர வேண்டாம் என்றார். இப்போது அவை பையனின் சொந்த ஊரில், விருதுநகர் பக்கம், ஒரு மாட்டுக்கொட்டகைக் கூரைக்குக் கீழே படுத்திருக்கின்றன. உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்; மோர்ஸில் இன்னும் தடுமாற்றம்தான். உரிமம் வரும்வரை கேட்க மட்டும்தான் அனுமதி. அந்த மாடியிலிருந்து நியூயார்க்குக்கு எத்தனை டிகிரி என்பதை மட்டும் இப்போதே பார்த்து வைத்துவிட்டான்.